மேல்வயிற்று எரிச்சலுக்கு முண்டு மிளகாயை மட்டும் குறை சொல்லாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் வெறும் வயிற்றில் ஒரு தேநீரோடு கடலுக்குப் போகிறவர்கள், மேல்வயிறு எரிந்தால் குழம்பில் போட்ட முண்டு மிளகாயைக் குறை சொல்லி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். காரம் எரிச்சலைத் தூண்டலாமே தவிர, புண்ணை உண்டாக்குவதில்லை. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா அல்லது அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்வதால்தான் அந்தக் கிருமி இரைப்பையில் பிழைத்திருக்கிறது. இந்தக் கிருமியைக் கண்டறிந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ரத்தப் பரிசோதனை பழைய தொற்றையும் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், காரணமில்லாத எடைக்குறைவு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். ஆன்டிபயாடிக்குகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்ந்தே வரும். ஐந்தாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால், மிஞ்சும் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும். பிஸ்மத் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால் நாக்கும் மலமும் கறுக்கும். அந்தக் கறுப்புக்குப் பயப்பட வேண்டாம். தார் போல இருந்தால் மட்டும் மேலே சொன்னபடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து மறுபரிசோதனை செய்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உணவில் நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது உப்பு. இந்தக் கிருமியை 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. உப்பு மிகுந்த உணவு இரைப்பைப் புற்றுநோயின் ஆபத்தை மேலும் கூட்டுகிறது. கருவாட்டை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் உப்புப் போட்ட கஞ்சி, சுட்ட கருவாடு, ஊறுகாய் என ஒரே வேளையில் மூன்று உப்பு சேர்வதைத் தவிர்க்கலாம். வெண்ணிறமாக உப்புப் பூத்த கருவாட்டை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கலங்கிய நீரைக் கொட்டி, மறுபடியும் ஒருமுறை ஊறவைத்துச் சமையுங்கள். குழம்பு கொதித்து இறங்கும் நேரத்தில் ருசி பார்த்த பிறகே உப்பிடுங்கள். கீரையையும் காய்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொற்று பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரிடமிருந்தே வருகிறது. ஆகவே சோற்றை வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். குடத்துத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் ஊரில் அத்தனையையும் காய்ச்சுவது சிரமம்தான். குழந்தைகள் குடிப்பதையாவது காய்ச்சுங்கள், குடத்துக்குள் கைபடாமல் மொள்ள நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.