ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்து நாமே சமைத்துச் சாப்பிட

சேலத்தில் நாலு விசிலில் குழையும் துவரம்பருப்பு, ஏற்காட்டில் அதே நாலு விசிலுக்கு முழுசு முழுசாக நிற்கும். பருப்பின் மேல் குற்றமில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைவுதான். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றிரண்டு விசில் கூட்டி விடுங்கள். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போடாவிட்டால் வேகவே வேகாது. சோறு வடிப்பவர்கள் உலைத் தண்ணீரைத் தாராளமாக வைக்க வேண்டும், நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பில்டர் காபிக்கு இந்த 95 டிகிரி மிகப் பொருத்தம். கொதித்ததும் ஆறவிடாமல் பொடியின் மேல் ஊற்றுங்கள். சேர்வராயன் மலைக் காபிப் பொடியாக இருந்தால் டிகாக்ஷன் மணமே தனி.

முன்பணம் கட்டும் முன் போனில் கேட்க வேண்டியவை சில உண்டு. ‘கிச்சன் இருக்கிறது’ என்றால் சில இடங்களில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் இரண்டு பாத்திரமும்தான். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. கேஸ் அடுப்பா, குக்கர் உண்டா, மிக்ஸி ஓடுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மார்ச் முதல் மே வரை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்; கோடையில் மலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்.

நாலு பேர், இரண்டு நாள் என்றால் அரிசி ஒன்றரை கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, இட்லி மாவு இரண்டு கிலோ போதும். காய்கறியை அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கிவிடலாம், ஏற்காடு போகும் வழிதான். மாவை மேலே கொண்டுபோய்ப் புளிக்கவைக்க நினைக்காதீர்கள், குளிரில் பொங்காது. வீட்டிலேயே புளிக்கவைத்து, கரண்டியால் கலக்கி அடக்கி, டப்பாவில் முக்கால் அளவு மட்டும் ஊற்றுங்கள். விளிம்பு வரை ஊற்றி இறுக மூடினால் பாதி வளைவு ஏறுவதற்குள் டிக்கியெல்லாம் மாவாகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் கடலை எண்ணெய் வசதி.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை சிலிண்டரைப் பார்ப்பது. ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து ஒரு நிமிடம் விடுங்கள். கேஸ் திரவமாக இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேல் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடு அடியிலேயே இருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் முனையில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று: குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டு குளிக்காதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்வதே நல்லது.

குரங்குக்குத் திறந்த ஜன்னல் போதும். சமைக்கும்போதும் வலைக்கதவு மூடியே இருக்கட்டும். காய்த்தோலை வாசலில் கொட்டினால் காட்டெருமை தேடி வரும். அந்தி சாய்ந்தபின் காபித் தோட்டத்துக்குள் நடக்க வேண்டாம்.

கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடி, பிளாஸ்டிக் குப்பையைக் கட்டிக் காரிலேயே கீழே கொண்டுவந்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கருகல் வாடை வரும். வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.