கைவினைஞரிடம் ரம்பம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலடெல்பியாவில் 1840இல் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய ரம்பத் தொழில் ஒரு காலத்தில் அமெரிக்கத் தச்சுப் பட்டறைகளை நிறைத்திருந்தது. 1955இல் அது எச்.கே. போர்ட்டர் நிறுவனத்திடம் கைமாறியது. மின்ரம்பங்கள் பரவப் பரவக் கைரம்பங்களின் தரம் சரிந்து, நுண்ணிய இணைப்பு வேலைக்கு ஏற்ற ரம்பம் வேண்டுமென்றால் பழைய சாமான்களைத் தேடிப் போக வேண்டிய நிலை வந்தது. 1990களில் இன்டிபென்டன்ஸ் டூல் என்ற சிறு பட்டறை பழைய ஆங்கிலேய மாதிரியைப் பின்பற்றி டவ்டெயில் (புறாவால் வடிவ மர இணைப்பு) அறுக்கும் ரம்பம் செய்யத் தொடங்கியதும், பின்னர் மெய்ன் மாநிலத்தின் லீ-நீல்சன் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டதும் இந்தக் கலை மீண்டெழுந்ததில் முக்கியமான கட்டங்கள். அதன் பிறகு விஸ்கான்சினில் பேட் ஆக்ஸ், இங்கிலாந்தில் ஸ்கெல்டன் என ரம்பத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட பட்டறைகள் தோன்றின. இத்தகைய பட்டறைகளிடம் வாங்க வருபவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: கடையில் அடுக்கி வைத்த பொருளை எடுப்பதுபோல் இதையும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி உங்கள் வேலைக்கென்று பல் ராவித் தருவதற்கான கூலி. உங்கள் வேலை என்னவென்று சொல்லாவிட்டால் அந்தக் கூலி வீண்.

முதல் தவறு கைப்பிடி மரத்தையும், தகட்டின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கும் முதுகுப் பித்தளையின் மினுமினுப்பையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. புகைப்படத்தில் தெரிவது அவை மட்டும்தான். பல்லின் தரம் புகைப்படத்தில் தெரியாது. அரிய மரத்தைக் கேட்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. நம் ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்து முடித்த பொருள்களில் ஒரு பொதிக்கு அந்த மரம் 10 கிலோ வரை இருந்தால் 2019 இறுதியில் தளர்வு தரப்பட்டது என்றாலும், பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்தத் தளர்வு கிடையாது. பீச், ஆப்பிள், வால்நட் ஆகிய மரங்களில் செய்த பிடி எந்த வகையிலும் குறைந்ததல்ல.

அடுத்தது, பல் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை. பெரும்பாலானோரை ஏமாற்றுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். ரம்பப் பல்லை ஓர் அங்குலத்துக்கு இத்தனை பாயின்ட் என்று எண்ணுவார்கள். இதில் இரு முனைகளிலும் உள்ள பற்கள் சேர்வதால், 15 பாயின்ட் ரம்பத்தில் ஓர் அங்குலத்துக்கு 14 முழுப் பற்களே இருக்கும். சிலர் பாயின்ட்டையும் சிலர் பல்லையும் எண்ணுவதால், எதைக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அரை அங்குலத் தடிமனுள்ள இழுப்பறைப் பலகையில் டவ்டெயில் அறுக்கும்போது, 15 பாயின்ட் ரம்பத்தில் ஏறக்குறைய ஏழு பற்கள் மரத்துக்குள் இருக்கும்; வேலை இதமாக நடக்கும். அதே ரம்பத்தை மூன்று அங்குல அகலக் கழுந்தின் (துளைக்குள் செருகும் நாக்கின்) கன்னத்தில், அதாவது அதன் அகன்ற பக்கத்தில், வைத்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட பற்கள் ஒரே நேரத்தில் மரத்தில் பதிந்திருக்கும். பல்லிடுக்கில் தூள் நிறைந்துவிட்ட பிறகு பல் வெட்டாமல் உரசிக்கொண்டு போகும், அறுப்பவர் கையை அழுத்துவார், கோடு விலகும். அந்த வேலைக்கு 14 முதல் 16 அங்குல நீளமும் 10 அல்லது 11 பாயின்ட்டும் கொண்ட டெனான் (கழுந்து) ரம்பம்தான் ஏற்றது. ஆகவே பட்டறைக்கு எழுதும்போது "நல்ல ரம்பம் ஒன்று வேண்டும்" என்று எழுதாமல், எந்த மரம், என்ன தடிமன், எந்த இணைப்பு என்ற மூன்றையும் எழுத வேண்டும்.

நெடுக்கு அறுப்புக்கா, குறுக்கு அறுப்புக்கா என்பதைத் தெளிவாக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. நெடுக்குப் பல் சிறு உளிபோல் நாரோட்டத்தில் செதுக்கும். குறுக்குப் பல் பக்கவாட்டில் சரித்து ராவப்பட்டு, கத்தி முனைபோல் நாரைத் துண்டிக்கும். டவ்டெயிலும் கழுந்தின் கன்னமும் நாரோட்டத்தில் அறுபடுபவை என்பதால் அவற்றுக்கு நெடுக்குப் பல் வேண்டும். கழுந்தின் அடியில் குறுக்காக அறுபடும் தோளுக்குக் குறுக்குப் பல் வேண்டும். பல்லின் முன்முகம் நேராக நின்றால் வேகமாக வெட்டும், ஆனால் தொடங்கும் இடத்தில் துள்ளும். சற்றுப் பின்சாய்ந்தால் வேகம் குறையும், தொடக்கம் எளிதாகும். கைரம்பத்துக்குப் புதியவர் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

மெல்லிய தகட்டின் மீதான மோகம் இன்னொன்று. 0.015 அங்குலத் தகடு குறுகலான வெட்டைத் தரும் என்பது உண்மை. ஆனால் அது கொஞ்சம் முறுக்கினாலே மடங்கிவிடும். கை இன்னும் பழகாதவருக்கு 0.020 அங்குலம் பாதுகாப்பானது. அதேபோல, கடினம் கூடிய எஃகைக் கேட்பவர்களும் உண்டு. நல்ல பட்டறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் 1095 ஸ்பிரிங் ஸ்டீல் ராக்வெல் என்ற கடின அளவுகோலில் ஏறக்குறைய 50 இருக்கக் காரணம், அந்தக் கடினத்தில்தான் அரம் பிடிக்கும், செட் வைக்கும்போது (பற்களை மாறி மாறி இரு பக்கமும் சற்று வளைக்கும்போது) பல் உடையாது. முனை கறுத்துத் தெரியும் விலை மலிந்த ரம்பங்களின் பல் அதைவிடக் கடினம்தான். மழுங்கினால் ராவ முடியாமல் தூக்கி எறிய வேண்டியதும் அதனால்தான். 1095 துருப்பிடிக்காத எஃகு அல்ல என்பதைக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மனத்தில் வைத்து, வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

கையளவு கொடுக்காமல் ஆர்டர் போடக் கூடாது. இவ்வகை ரம்பத்தின் பிடிக்குள் மூன்று விரல்களே செல்ல வேண்டும். ஆள்காட்டி விரல் முன்நோக்கி நீண்டு திசை காட்டும். இதை அறியாமல் நான்கு விரல்களையும் நுழைத்துப் பார்த்து, பிடி சிறியது என்று திருப்பி அனுப்புவோர் இருக்கிறார்கள். கட்டைவிரலைத் தவிர்த்து உள்ளங்கையின் அகலத்தை அளந்து அனுப்பினால் போதும்.

பணம் அனுப்புமுன் கேட்க வேண்டியவற்றில் காத்திருப்புக் காலம், முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கவரி யார் பொறுப்பு ஆகியவை எல்லோருக்கும் தோன்றும். தோன்றாமல் போவது மறுபடி பல் ராவுவதைப் பற்றிய கேள்வி. ஒரே ஒருவர் நடத்தும் பட்டறை எந்த ஆண்டும் மூடப்படலாம் என்பதால், பல்லின் கோணங்களையும் செட் அளவையும் ஏற்ற அரத்தின் அளவையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் வேறொருவரோ நீங்களோ அதே பல்லை மீட்டெடுக்கலாம். முதுகுப் பித்தளை மடித்துச் செய்யப்பட்டதா, பள்ளம் வெட்டித் தகடு ஒட்டப்பட்டதா என்றும் கேளுங்கள். மடித்த முதுகு தன் இறுக்கத்தாலேயே தகட்டைப் பிடித்திருப்பதால், கீழே விழுந்து பல்வரிசை வளைந்தாலும் தட்டிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஒட்டிய முதுகில் அது கடினம்.

ரம்பம் வந்து சேர்ந்ததும் கையில் கிடைத்த பிளைவுட் துண்டில் சோதிப்பது, அதில் உள்ள பசையால் புதுப் பல்லை மழுக்கிவிடும். முதலில் பல்வரிசையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அலையோ வளைவோ இருக்கக் கூடாது. பிறகு நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் மரத்திலேயே ஒரு கோடு கீறி, அழுத்தாமல், ரம்பத்தின் எடையிலேயே பத்துப் பன்னிரண்டு வெட்டு அறுத்துப் பாருங்கள். எல்லா வெட்டும் ஒரே பக்கம் விலகினால் அந்தப் பக்கத்துச் செட் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்; சாணைக்கல்லை அந்தப் பக்கத்துப் பல்லில் ஒருமுறை மெல்ல இழுத்தால் சரியாகும் வகைக் குறை இது. ஆனாலும் கல்லை எடுக்குமுன், கோடும் வெட்டும் தெளிவாகத் தெரியும்படி பலகையின் இரு பக்கங்களையும் படமெடுத்துச் செய்தவருக்கு அனுப்புங்கள். குறை பல்லில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று அந்தப் படங்களைப் பார்த்தே சொல்லக்கூடியவர் அவர்தான்.