பாக்ஸ் டிரெய்லரில் ரப்பர் படகும் கேம்பிங் சாமானும்: தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

காற்றடைக்கும் ரப்பர் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. காற்றை இறக்கிச் சுருட்டினால் கார் டிக்கி அதற்கே போதாது. ஊதியபடியே கொண்டுபோகலாம் என்று படகு டிரெய்லர் வாங்கினால், அதில் கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எதற்கும் இடமிருக்காது. நான்கு பக்கமும் தகரச் சுவரும் பின்னால் ஒரு கதவும் ஒற்றை ஆக்சிலும் கொண்ட சாதாரண பாக்ஸ் டிரெய்லர் இரண்டு வேலையையும் செய்யும். பெட்டிக்குள் சாமான், பெட்டிக்கு மேல் ஒரு சட்டம், சட்டத்தின்மேல் படகு. யோசனை இவ்வளவுதான்.

வெல்டிங் தெரியாதவர்களும் செய்யக்கூடியபடி, போல்ட் போட்டு இணைக்கும் முறையைத்தான் சொல்லப்போகிறேன். சீசன் முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிட்டால் டிரெய்லர் பழையபடி மண்ணோ மரமோ ஏற்றப் போகலாம் என்பது கூடுதல் வசதி.

படி 1: எடைக் கணக்கு

டிரெய்லரில் ஒரு தகடு இருக்கும். ஏற்றிய நிலையில் அதிகபட்ச எடை எவ்வளவு, வெற்று வண்டியின் எடை எவ்வளவு என்று அதில் பொறித்திருப்பார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் தனி பிரேக் இல்லாத டிரெய்லர்களுக்கு மொத்த எடை 750 கிலோ வரைதான் அனுமதி. அப்படி ஒரு வண்டி காலியாக 200 கிலோ இருந்தால், 550 கிலோ ஏற்றலாம். ஆனால் உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பது தனிக் கணக்கு. அது காரின் மேனுவலில் இருக்கும். டிரெய்லரின் மொத்த எடை எல்லை, கார் இழுக்கும் எல்லை, இந்த இரண்டில் எது குறைவோ அதிலிருந்துதான் வெற்று வண்டியின் எடையைக் கழிக்க வேண்டும்.

இப்போது ஏற்றப்போவதை எழுதுங்கள். 3 மீட்டர் நீளப் படகு, அலுமினியத் தரைப்பலகையோடு 40 முதல் 60 கிலோ. 5 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 25 கிலோ. இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் 40 கிலோ. சட்டத்துக்கு 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றால், மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. 12 மீட்டர் பிடித்தால் 28 கிலோ. கூடாரம், பெட்டிகள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் 300 கிலோவைத் தாண்டாது. ஆக, எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம், அது ஆடாமலும் தேயாமலும் இருக்கிறதா என்பதில்தான் இந்த வேலையின் கஷ்டமே இருக்கிறது.

படி 2: ஊதியா, சுருட்டியா?

இதை முடிவு செய்யாமல் குழாய் வாங்கப் போகாதீர்கள். மரம் அல்லது அலுமினியத் தரைப்பலகை உள்ள படகை ஒவ்வொரு முறையும் கரையில் கோத்து எடுப்பது எரிச்சலான வேலை. அதை ஊதியபடியே, கவிழ்த்து, சட்டத்தின்மேல் வைப்பது நல்லது. தரையும் காற்றடைக்கும் வகை என்றால் சுருட்டுவது எளிது, பெட்டிக்குள்ளேயே போட்டுவிடலாம். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டப்போகிறீர்கள் என்றால் எந்தப் படகாக இருந்தாலும் சுருட்டத்தான் சொல்வேன். ஊதிய படகு காற்றை வாங்கும், பெட்ரோலைக் குடிக்கும்.

இரண்டு படகு இருந்தால் பெரியதை மேலே கவிழ்த்து வையுங்கள், சின்னதைச் சுருட்டி உள்ளே வையுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்தான். ஆனால் நடுவில் தடித்த ஃபோம் வேண்டும், உயரமும் கூடிவிடும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிப்பதில்லை.

படி 3: வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா?

ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கரகர சத்தம் வந்தாலோ, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தாலோ பேரிங்கை மாற்றியாக வேண்டும். டயரில் வெடிப்பு, தரையில் துரு, விளக்குகள் எல்லாவற்றையும் இப்போதே பாருங்கள். காரின் டோ பாலும் (பின்னால் இருக்கும் இழுவைக் குண்டு) டிரெய்லரின் கப்ளிங்கும் (அந்தக் குண்டைக் கவ்வும் முனை) ஒரே அளவா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சட்டம்

நான்கு மூலையில் நான்கு கால், அவற்றின் தலையில் குறுக்காக இரண்டு அல்லது மூன்று கம்பிகள், நீளவாக்கில் இரண்டு. உயரத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள். பெட்டித் தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. இருந்தால் உள்ளே சாமான் வைக்கவும் எடுக்கவும் இடம் கிடைக்கும். அதற்குமேல் போனால் படகைத் தூக்கி வைப்பதும் கஷ்டம், வளைவில் வண்டி சாய்வதும் அதிகமாகும்.

அளவெடுக்கும்போது காரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 1.8 மீட்டர் நீளப் பெட்டியின்மேல் 3 மீட்டர் படகு வைத்தால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். காரை டிரெய்லரோடு மாட்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருப்பி நிறுத்துங்கள். படகின் மூக்கு காரின் பின்பக்க மூலையில் இடிக்குமா? நேராக நிற்கும்போது டிக்கிக் கதவு முழுதாகத் திறக்குமா? இரண்டுக்கும் விடை தெரிந்தபிறகுதான் துளை போட வேண்டும். பின்னால் எவ்வளவு நீட்டலாம், அகலம் எவ்வளவு இருக்கலாம், சிவப்புத் துணி கட்ட வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்களைப் பெட்டியின் உள்மூலையில் நிறுத்தி, 10 மி.மீ. போல்ட்டால் சுவரோடு இணையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது இரண்டு போல்ட், மேலே ஒன்று, கீழே ஒன்று. சுவர்த் தகரம் மெல்லியது. வெறும் வாஷரை நம்பினால் நாளடைவில் துளை கிழிந்துகொண்டே போகும். அதனால் தகரத்தின் மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 4 அல்லது 5 மி.மீ. இரும்புத் தகடு வைத்து முடுக்குங்கள். நட் எப்போதும் உள்ளே நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும். சாதாரண நட் அதிர்வில் கழன்றுவிடும். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் மூலைவிட்டமாக ஒவ்வொரு குழாய் போட்டுவிட்டால், பிரேக் அடிக்கும்போது சட்டம் முன்னால் சாயாது. சட்டத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் டிரெய்லரே ஆட வேண்டும், சட்டம் தனியாக ஆடக் கூடாது.

டிராபாரில், அதாவது பெட்டியிலிருந்து கப்ளிங் வரை நீளும் முன்தண்டில், துளை போடவே போடாதீர்கள். வண்டியின் மொத்த இழுவையும் அதில்தான் விழுகிறது. துளையிட்ட இடத்திலெல்லாம் துத்தநாகப் பெயின்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். யாராவது வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால், கால்வனைஸ் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகக் காப்போடு செய்ய வேண்டும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும்.

படி 5: தேய்மானத்தைத் தடுப்பது

மற்ற எதைச் சுருக்கமாக முடித்தாலும் இதில் அவசரப்படாதீர்கள். பி.வி.சி. துணி கனத்தைத் தாங்கும், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் தேய்வதைத் தாங்காது. கவிழ்த்த படகின் பக்கக் குழாய்கள் குறுக்குக் கம்பிமேல் நேராக உட்கார்ந்தால், மொத்தக் கனமும் ஒரு கோடு மாதிரி அந்த இடத்தில் விழும். அதனால் குறுக்குக் கம்பிகளின்மேல், பக்கக் குழாய்கள் உட்காரும் இடத்தில், நீளவாக்கில் இரண்டு மரப் பலகைகள் போடுங்கள். 10 முதல் 15 செ.மீ. அகலம் போதும். முனைகளை உருட்டிவிடுங்கள். போல்ட் தலைகள் மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும்.

பலகைக்கு மேல் என்ன ஒட்டுவது? பலரும் கார்ப்பெட் போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கரை மணல் அதில் சிக்கிக்கொண்டால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். உதறினாலும் முழுதாகப் போகாது. நான் சிபாரிசு செய்வது மூடிய துளை ஃபோம் (தண்ணீரை உறிஞ்சாத வகை), அதன்மேல் வழுவழுப்பான தடித்த வினைல் துணி. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் மணல் போய்விடும். படகை ஏற்றுவதற்கு முன் அதன் குழாய்களையும் அப்படியே துடைத்துவிடுங்கள்.

படி 6: மூடி

எளிய வழி தார்ப்பாய். சட்டத்துக்குக் கீழே, பெட்டியின் விளிம்பில் இழுத்துக் கட்டலாம். 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் மூடி செய்தால் உறுதி அதிகம். 1.8 மீட்டருக்கு 1.2 மீட்டர் பலகை சுமார் 16 கிலோ வரும், அதையும் எடைக் கணக்கில் சேருங்கள். மண் சாலையில் போகிறவர்கள் பின்கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டியாக வேண்டும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புழுதி அங்கே சுழன்று, அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே புகும்.

படி 7: உள்ளே அடுக்குவது

கனமானவை, அதாவது தண்ணீர், ஐஸ் பெட்டி, பேட்டரி, மோட்டார், ஆக்சிலுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ தரையோடு இருக்க வேண்டும். படுக்கை, துணி போன்ற லேசானவை ஓரங்களில். கூடாரம் பின்கதவுப் பக்கம், ஏனென்றால் போய்ச் சேர்ந்ததும் முதலில் தேவைப்படுவது அதுதான். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் போதும், டிராயரெல்லாம் செய்து எடையைக் கூட்ட வேண்டாம். தரையில் ஒரு மரச்சட்டத் தட்டி போட்டு, கீழே நீர் வடிய இரண்டு துளை வைத்தால் ஈரப் படகைச் சுருட்டிப் போட்டாலும் மற்றவை நனையாது.

நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கலாம் என்பது அதன் மேனுவலில் இருக்கும். மாற்றி வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். படுக்கவைக்கும் முன் நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை முழுதாக வடியவிடுங்கள்.

அடுக்கி முடித்ததும் ஒரு சோதனை. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கப்ளிங்குக்குக் கீழே ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதை ஆள் எடை பார்க்கும் மெஷின்மேல் வையுங்கள். டிரெய்லர் கிடைமட்டமாக இருக்கும்படி மரத்துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். மெஷின் காட்டுவதுதான் முன்பாரம், அதாவது காரின் டோ பால்மேல் விழும் எடை. அது மொத்த எடையில் 10 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. 500 கிலோ வண்டிக்கு 50 கிலோ. காரின் டோ பால் தாங்கும் எல்லையையும் பாருங்கள், பல சிறிய கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோதான். முன்பாரம் மிகக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

பெட்ரோலும் கேஸும்

இரண்டையும் மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சட்டத்தின் வெளிப்பக்கத்தில் தனித்தனியாகத் தாங்கி செய்து, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் கட்டுங்கள். பெட்ரோல் கேனை நிரப்பும்போது டிரெய்லரில் வைத்தே நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறியைத் தவிர்க்கத்தான் இது.

படி 8: கட்டுவது, அழுத்தம் பார்ப்பது

படகின் கைப்பிடிகளும் வளையங்களும் வெறும் பசையில் ஒட்டியவை. அவற்றை மட்டும் நம்பிக் கட்டினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பட்டைகள் படகின் முதுகைச் சுற்றிப் போய் இரண்டு பக்கமும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மூக்கிலிருந்து டிராபாருக்குத் தனியாக ஒரு கயிறு. நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டையில் கை கொஞ்சம் அதிகமாகப் போனாலும் குழாய் நசுங்கிவிடும். கையால் இழுத்து இறுக்கும் சாதாரணக் கேம் பக்கிள் பட்டையே போதும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் காற்றில் ரீங்காரம் போடாது.

அழுத்தம்தான் பலரும் யோசிக்காத விஷயம். சிறிய படகின் பக்கக் குழாய்களில் பொதுவாக 0.2 முதல் 0.25 பார் (காற்றழுத்த அலகு) அடிப்போம். காலையில் 20 டிகிரியில் 0.25 பார் அடித்துக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நடுவெயிலில் குழாய்க்குள் 50 டிகிரி ஆகிவிட்டால் அதே காற்று 0.38 பார் காட்டும், ஒன்றரை மடங்கு. மலை ஏறினால் இன்னொரு கூடுதல்: 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.11 பார், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால். தையலும் ஒட்டும் இப்படித்தான் விட்டுப்போகின்றன. அதனால் பயணத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிற அளவுக்குக் காற்றை இறக்கிவிடுங்கள். நீரில் இறக்கும்போது மறுபடி அடித்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: வெயிலில் கட்டிய பட்டை, மாலையில் படகு சுருங்கியதும் தொளதொளவென்று தொங்கும். நிறுத்தும்போதெல்லாம் பட்டையில் ஒரு கை வைத்துப் பாருங்கள்.

முதல் ஓட்டம்

அருகிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். புதுச் சட்டம் ஓடி உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும். படகு பின்விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு இருந்தால் டிராபாருக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி மாட்டுங்கள். கப்ளிங் கழன்றாலும் டிராபார் தரையில் குத்தாமல் அதில் தாங்கி நிற்கும்.

கரைக்குப் போனதும் டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். பாக்ஸ் டிரெய்லரின் பேரிங் அதற்காகச் செய்ததல்ல. ஓடிச் சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) குளிர்ந்த நீரில் படும்போது உள்ளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கிரீஸ் கெடும். ரப்பர் படகை இரண்டு பேர் தூக்கிப்போகலாம். இல்லையென்றால் படகின் பின்பலகையில் மாட்டும் சின்னச் சக்கர ஜோடி வாங்கிவிடுங்கள், ஒருவரே உருட்டிக்கொண்டு போய்விடலாம்.