பயந்தால் விசுவாசம் இல்லையா? நாம் செய்யும் சில தவறுகள்

அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன காலையில் என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மதுரையில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி வராந்தா. ஆறுதல் சொல்ல வந்த சபை அண்ணன் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விசுவாசம் இல்லையா?" என்றார். அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது. அதன்பின் குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது.

பயப்படுவதையே பாவமாக எண்ணுவதுதான் நம்மிடையே இருக்கும் பெரிய தவறு. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு 'திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்' என்று மாற்கு 14ஆம் அதிகாரம் ஒளிக்காமல் எழுதுகிறது. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல், தாம் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் அவர்களிடம் வந்ததாக ஒப்புக்கொள்கிறார். சங்கீதம் 56:3 இப்படிச் சொல்கிறது: 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.' பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை. நடுக்கமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. அந்த வராந்தாவில் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது, வசனத்தைப் பாதியில் வெட்டுவது. 'தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்' என்பதோடு நிறுத்திக்கொண்டு, பயப்படுகிறவரைக் கண்டிக்கிறோம். இரண்டாம் தீமோத்தேயு 1:7 அங்கே முடியவில்லை. பலமும் அன்பும் 'தெளிந்த புத்தியும்' உள்ள ஆவி என்று தொடர்கிறது. நெஞ்சு படபடக்கிறது, பல இரவுகளாகத் தூக்கமில்லை என்றால் மருத்துவரிடம் போகச் சொல்வதும் அந்தத் தெளிந்த புத்திதான். உபவாச ஜெபத்துக்குத் தேதி குறித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். அங்கே போகிறவர் ஜெபத்தை விட்டுவிட்டுப் போகவில்லை.

சங்கீதம் 91ஐத் தாயத்தாக்குவது இன்னொன்று. வாசலில் ஒட்டுகிறோம், ஆட்டோவின் முதுகில் எழுதுகிறோம். எழுதட்டும், கடவுளின் பாதுகாப்பைப் பாடும் அழகான சங்கீதம். ஆனால் 'எனக்கு எதுவும் நேராது' என்ற உத்தரவாதமாக அதைப் பிடித்துக்கொண்டால், ஏதாவது நேரும் நாளில் விசுவாசமே உடைந்துபோகும். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவிடம் அதே சங்கீதத்தைக் காட்டியவன் சாத்தான்; மத்தேயு 4ஐத் திருப்பிப் பாருங்கள். புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று வசனம் எழுதித் தரும் வாக்குத்தத்த அட்டையைக் கிளி எடுத்த சீட்டு மாதிரி பார்த்து, 'கண்ணீர்' என்ற சொல் வந்துவிட்டதே என்று ஜனவரி முழுக்கக் கலங்குகிறவர்களும் உண்டு.

வேதத்தில் 'பயப்படாதே' 365 முறை, நாளுக்கு ஒன்றாக வருகிறது என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. வந்தாலும், லீப் வருடத்துப் பிப்ரவரி 29க்கு என்ன செய்வது? 'இதைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பாவிட்டால் துக்கச் செய்தி வரும்' என்று நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வரும் ஜெபத்தை யோசிக்காமல் அழித்துவிடலாம்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டான். வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடி தூங்கினான், மறுபடி எழுப்பப்பட்டுச் சாப்பிட்டான். ஓரேப் மலையில் கடவுள் பேசியது அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான்.

அன்று பதினொரு மணிக்கு வில்லாபுரத்து அத்தை வந்தார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்து, "முதலில் சாப்பிடு" என்றார். மருத்துவர் வெளியே வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பையில் இருந்த வேதாகமத்தைச் சாயங்காலம்தான் எடுத்தார். ஒரு சங்கீதம் வாசித்தார், விளக்கம் எதுவும் சொல்லவில்லை.