காலைல ஸ்டார்ட் பண்ணா புகை வருதா? இன்ஜின இறக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

பழைய மாருதி 800, ஜென், சான்ட்ரோ மாதிரி பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க காலைல புகைய பாத்ததும் பயந்துபோய் வண்டிய எடுத்துட்டு ஷெட்டுக்கு ஓடுறாங்க, ஆனா ராயபுரத்துலேர்ந்து வியாசர்பாடி போய் சேர்றதுக்குள்ள இன்ஜின் சூடாயிடும், புகையும் நின்னுடும், அப்புறம் மெக்கானிக் எத பாத்து சொல்வாரு, பிஸ்டன் ரிங் (சிலிண்டருக்குள்ள ஆயில் ஏறாம தடுக்குற வளையம்) போயிருக்கும் இன்ஜின இறக்கணும்னுதான் சொல்வாரு. அதனால முந்தின நாள் ராத்திரியே வண்டிய ஷெட்ல விட்டுடுங்க, முடியலன்னா காலைல முதல் ஸ்டார்ட்ட சைலன்சர் பக்கம் நின்னு வீட்ல யாரையாவது வீடியோ எடுக்க சொல்லுங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் லெவல், ரேடியேட்டர் மூடி தொறந்து கூலன்ட் லெவல், ரெண்டும் பாத்து வைங்க. இன்ஜின் சூடா இருந்தா மூடிய தொடவே கூடாது.

கலர் மட்டும் பாத்தா போதாது, எப்ப வருது எவ்ளோ நேரம் வருதுன்னு பாக்கணும். மார்கழில லேசா வெள்ளையா வந்து கொஞ்ச நேரத்துல மறைஞ்சா சைலன்சர்ல தங்குன தண்ணி ஆவியாவுது, அவ்ளோதான். கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா எரியுது, ஏர் ஃபில்டர் பாருங்க, கார்புரேட்டர் வண்டின்னா சோக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக காத்த குறைக்குற மூடி) ஒட்டிக்கிச்சான்னு பாருங்க.

நீலப் புகைலதான் நெறைய பேர் காச விடுறாங்க. ஸ்டார்ட் பண்ணதும் குப்புனு ஒரு தடவ வந்து நின்னா பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது வால்வ் வழியா ஆயில் இறங்காம தடுக்குற ரப்பர், அது இறுகிப்போயி ராத்திரி பூரா ஹெட்ல (இன்ஜினோட மேல் பாகம்) இருக்க ஆயில் வால்வ் வழியா சொட்டு சொட்டா இறங்கி காலைல எரியுது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க பின்னாடி ரொம்ப நேரம் ஐடில்ல நின்னுட்டு ஆக்சிலேட்டர மிதிக்கும்போது குப்புனு வந்தாலும் சந்தேகம் சீல் மேலதான். பெரம்பூர் மேம்பாலம் ஏறும்போது விடாம நீலமா வந்துட்டே இருந்தா ரிங் பக்கம் யோசிக்கணும்.

இதுல குழப்பமா இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் எவ்ளோ இருக்குன்னு பாக்குறது) கேளுங்க, கம்மியா காட்டுற சிலிண்டர்ல பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி திரும்ப பாக்க சொல்லுங்க, ரீடிங் நல்லா ஏறுனா ரிங், ஏறலன்னா வால்வ், இல்லன்னா ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில இருக்க அடைப்புத் தகடு). சீல் மட்டும்னா நெறைய வண்டில ஹெட்ட கழட்டாமலே, பிளக் ஓட்டைல கம்ப்ரஸர் காத்து குடுத்து வால்வ் கீழ விழாம பிடிச்சு மாத்திடலாம், தயவுசெஞ்சு அந்த வேலை தெரிஞ்சவர தேடிப் போங்க.

இன்ஜின் சூடானப்புறமும் வெள்ளப் புகை கெட்டியா நிக்காம வருது, இனிப்பு வாசன அடிக்குது, கூலன்ட் குறைஞ்சிட்டே போவுதுன்னா ஹெட் கேஸ்கெட்தான் முதல் சந்தேகம். ஆயில் ஸ்டிக்ல பால் டீ கலர்ல இருந்தா அந்த வண்டிய அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க.