ஆளுநருக்கு அவர் மாநிலமே சுமையானால்: அமெரிக்கத் தேர்தலை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2028 அதிபர் தேர்தலில் யார் யார் நிற்பார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, கலிபோர்னியா ஆளுநர் கவின் நியூசத்தைப் பற்றிய கட்டுரைகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்கள் இளைஞர்கள், நன்றாக உழைக்கிறவர்கள். ஆனால் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அமெரிக்க ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதல்வரைப் போன்றவர் என்பது போன்ற அடிப்படைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் திருத்திவிடலாம். கட்டுரையையே தடம் புரளச் செய்யும் தவறுகள் வேறு.

54 வாக்குகளை வரவில் வைப்பது

அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் குழுவில் கலிபோர்னியாவுக்கு 54 வாக்குகள் இருக்கின்றன, எனவே நியூசத்துக்கு அது பெரும் பலம் என்று எழுதுகிறார்கள். ஜனநாயகக் கட்சியின் சார்பில் யார் நின்றாலும் அந்த 54 அவருக்குத்தான் கிடைக்கும். 2024இல் கமலா ஹாரிஸுக்கும் கிடைத்தது. அவர் 226க்கு 312 என்று தோற்றார். சொந்த மாநிலம் சுமையாவது அந்த மாநிலத்துக்குள் அல்ல. எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் கலிபோர்னியா எப்படித் தெரிகிறது என்பதே கேள்வி. 1988 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் தன் மாநிலத்தில் வென்றார். நாற்பது மாநிலங்களில் தோற்றார்.

குற்றச்சாட்டு பொய் என்று நிறுவிவிட்டு எழுந்துவிடுவது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நன்றாகப் படித்தவர்களே இதில் விழுகிறார்கள் என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

கலிபோர்னியா குற்றமும் வரியும் மலிந்த மாநிலம் என்ற எதிரணியின் விமர்சனத்துக்குப் பதிலாக, அண்மையில் ஒரு இளம் நிருபர் அழகான அட்டவணை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வந்தார். கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா மூன்றையும் கொலை விகிதம், வருமானம், வரி என்று பத்தி பத்தியாக ஒப்பிட்டிருந்தார். எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'ஆகவே கலிபோர்னியா மீதான விமர்சனம் ஆதாரமற்றது. நியூசத்தை அது பாதிக்காது' என்று முடித்திருந்தார். "இதற்கு அவர் மேடையில் என்ன பதில் சொல்கிறார் என்று எழுதவில்லையே, தம்பி?" என்று கேட்டேன். "புள்ளிவிவரமே பதில் சொல்லிவிடுகிறதே, சார்" என்றார். உட்காரச் சொல்லி டுகாகிஸின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன்.

மாசசூசெட்ஸில் சிறைக் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டம் இருந்தது. 1972இல் அதற்குக் கையெழுத்திட்டவர் பிரான்சிஸ் சார்ஜென்ட் என்ற குடியரசுக் கட்சி ஆளுநர். கொலைக் குற்றவாளிகளுக்கும் அது பொருந்தும் என்று சொன்னது நீதிமன்றம். கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றிருந்த வில்லி ஹார்ட்டன் 1986இல் அப்படி விடுப்பில் போனவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு மேரிலாந்தில் ஒரு இணையரின் வீட்டுக்குள் புகுந்து, ஆணைக் கத்தியால் காயப்படுத்திப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார். 1988இல் டுகாகிஸை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் தரப்பு இதைப் பிரசாரமாக்கியது.

புதியவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, 'சட்டம் எதிர்க்கட்சிக்காரர் போட்டது, பழி டுகாகிஸ் மீது விழுந்தது' என்று முடிக்கிறார்கள். கைதி கறுப்பினத்தவர், தாக்கப்பட்டவர்கள் வெள்ளையர்கள் என்பதால் அந்தப் பிரசாரம் இனவெறியைத் தூண்டியது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் கதையின் நடுப்பகுதி விடுபட்டுவிடுகிறது. கொலைக் குற்றவாளிகளுக்கு இந்த விடுப்பு கூடாது என்று 1976இலேயே மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் தர மறுத்தவர் டுகாகிஸ். ஹார்ட்டன் சம்பவத்துக்குப் பிறகு மாநில மக்களே கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அப்போதும் அவர் உடனே இறங்கிவரவில்லை. 1988 ஏப்ரலில்தான் திட்டத்தின் அந்தப் பகுதியை நிறுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எதிரணிக்குக் கிடைத்த உண்மையான ஆயுதம் அந்த மறுப்பும் இந்தத் தாமதமும்தான்.

மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டனின் துறைமுகத்திலும் இதுவே நடந்தது. 1988 செப்டம்பர் 1 அன்று ஜார்ஜ் புஷ் படகில் ஏறி அந்த அழுக்கு நீரைச் சுற்றிக் காட்டினார். டுகாகிஸிடம் வலுவான பதில் இருந்தது: தூய நீர்ச் சட்டத்தை வீட்டோ செய்தவர் அதிபர் ரீகன், அவருக்குத் துணை அதிபராக இருந்தவர் இதே புஷ். அந்தப் பதில் மக்கள் மனத்தில் பதியும் விதத்தில் வந்து சேரவில்லை. அக்டோபர் 13 விவாதத்தில், உங்கள் மனைவியை ஒருவன் வன்கொடுமை செய்து கொன்றால் அவனுக்கு மரண தண்டனை கேட்பீர்களா என்ற கொடூரமான கேள்வி வந்தது. கேட்கமாட்டேன் என்றார் டுகாகிஸ். தொழில் வளம் மிக்க மாநிலங்களில் குற்றம் அதிகமாகக் குறைந்தது எங்கள் மாநிலத்தில்தான் என்று புள்ளிவிவரம் சொன்னார். அந்த நிருபரின் அட்டவணையும் அதே பதில்தான்.

மாநிலம் சுமையாக இருந்தும் வென்றவர்களைப் பாருங்கள். 1932இல் நியூயார்க் ஆளுநராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கழுத்தில், டாமனி ஹால் என்ற நகரக் கட்சி இயந்திரத்தின் ஊழல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் டாமனியிடம் மென்மையாக நடந்துகொள்கிறார் என்ற பேச்சும் பலமாக இருந்தது. அந்த ஆகஸ்டில், வேட்பாளராக அறிவிக்கப்பட்ட பிறகு, நியூயார்க் மேயர் ஜிம்மி வாக்கரை மாநிலத் தலைநகர் அல்பனிக்கு வரவழைத்துத் தானே விசாரித்தார். வாக்கர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர். செப்டம்பர் 1 அன்று வாக்கர் பதவி விலகினார். ஊழல் இல்லை என்று ரூஸ்வெல்ட் வாதாடவில்லை. தன் மாநிலத்தின் குறையோடு தானே மோதினார், அதை நாடே பார்த்தது.

பில் கிளிண்டன் இந்தப் பாடத்தை ஆர்கன்சாவிலேயே படித்துவிட்டார். வாகனப் பதிவுக் கட்டணத்தை உயர்த்தி 1980இல் ஆளுநர் பதவியை இழந்தவர், 1982இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றித் தவறை ஒப்புக்கொண்டு மீண்டும் வென்றார். பத்தாண்டு கழித்து, சிறிய மாநிலத்தின் தோற்றுப்போன ஆளுநர் என்று புஷ் ஏளனம் செய்தபோது அது அவரைச் சாய்க்கவில்லை.

ஆகவே நியூசத்தைப் பற்றி எழுதும்போது, கலிபோர்னியா நல்ல மாநிலமா கெட்ட மாநிலமா என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். 2023 நவம்பரில் புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ், சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் மனித மலம் கிடந்த இடங்களைக் குறித்த வரைபடத்தை நியூசத்துடன் நடந்த விவாத மேடையில் தூக்கிக் காட்டினார். படத்தின் பெரும்பகுதி பழுப்பாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்த அட்டவணை எடுபடும்? தன் கட்சிக்காரர்கள் மீது கோபம் வரும் என்று தெரிந்தே நியூசம் செய்தவற்றைத் தேடுங்கள். போதை ஊசி போட்டுக்கொள்ளும் கண்காணிப்பு மையங்களுக்கான மசோதாவை 2022இல் அவர் நிராகரித்தார். வீடற்றோரின் கூடாரங்களை அகற்றும்படி 2024இல் உத்தரவிட்டார். இவை அவருக்குக் கைகொடுக்கும். திருட்டுக்கும் போதைப்பொருள் குற்றத்துக்கும் தண்டனையைக் கூட்டும்படி மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 36ஆம் முன்மொழிவை அதே 2024இல் எதிர்த்தார்; வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அதை ஆதரித்து வாக்களித்தார்கள். என் கணிப்பில் டுகாகிஸின் 1976க்கு நிகரானது இதுதான். கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரி கூட நான் பார்ப்பதில்லை.

பெரிய மாநிலம், பெரிய வாய்ப்பு

இதுவும் தவறான கணக்கு. ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாவிலிருந்து வந்தார், கிளிண்டன் ஆர்கன்சாவிலிருந்து வந்தார்; இருவரும் அதிபரானார்கள்.

முதல் அடி எதிர்க்கட்சி கொடுக்கும் என்று காத்திருப்பது

சிறை விடுப்பு விவகாரத்தை 1988 ஏப்ரலில் டுகாகிஸுக்கு எதிராக விவாத மேடையில் எழுப்பியவர் அல் கோர், அவருடைய கட்சிக்காரர். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலின் விவாதங்களை முழுதாகப் பாருங்கள்.

கோடைக்காலக் கருத்துக்கணிப்பு

டுகாகிஸ் 1988 ஜூலையில் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். நவம்பரில் தோற்றார்.

உட்கட்சிக்கும் நாட்டுக்கும் ஒரே கணக்குப் போடுவது

மாநிலம் இரண்டு முறை சுமையாகும். இரண்டு முறையும் காரணம் வேறு. 2012இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாசசூசெட்ஸ் ஆளுநராக 2006இல் அவர் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், எல்லாரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்றது. அந்த ஊரில் அது சாதனை. 2012 உட்கட்சித் தேர்தலில் அதுவே துரோகமாகப் பேசப்பட்டது. அதைத் தாண்டி வேட்பாளரான பிறகு புதிய சிக்கல் வந்தது: அவர் கட்சியின் முதன்மை ஆயுதம் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்ப்பது. அதன் முன்மாதிரியே ராம்னியின் சட்டம்தான். டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் ஒபாமா அதைச் சுட்டிக்காட்டினார். மாநிலத்துக்கு மாநிலம் தேவை வேறு, என் சட்டத்தை நாடு முழுவதும் திணிக்க நினைக்கவில்லை என்று ராம்னி விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நவம்பரில் மாசசூசெட்ஸ் அவரை 23 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது.