காட்டை மீட்டு, மறைந்த பறவையை மீண்டும் குடியேற்றுவது எப்படி?

சீரழிந்த காட்டையும் அதிலிருந்து மறைந்துபோன பறவையினத்தையும் சேர்த்து மீட்க முன்வரும் ஊர்க்குழுக்கள் பல, கூண்டு கட்டுவதிலிருந்தே தொடங்க விரும்புகின்றன. கூண்டும் குஞ்சும் உடனே கண்ணில் படும் என்பதால் இந்த ஆர்வம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் முதலில் மக்கள், அடுத்து நிலம், அதன் பிறகே பறவை என்ற வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1987இல் காட்டில் எஞ்சியிருந்த கடைசிக் கலிபோர்னியக் காண்டரும் (இறந்த விலங்குகளை உண்ணும் பெரிய கழுகு வகை) பிடிக்கப்பட்டது. அப்போது உலகில் மொத்தம் இருந்த 27 பறவைகளும் கூண்டில் இனப்பெருக்கத்துக்கு வைக்கப்பட்டன. 1992 முதல் அவற்றின் வழித்தோன்றல்கள் காட்டில் விடப்பட்டன. ஆனால், வேட்டையில் சுடப்பட்ட விலங்குகளின் உடலில் தங்கும் ஈயக் குண்டுத் துகள்களை உண்டு அவை இன்றும் மடிகின்றன. எந்தக் காரணத்தால் பறவை அழிந்ததோ, அந்தக் காரணம் நீங்கும்வரை கூண்டிலிருந்து எத்தனை குஞ்சுகளை அனுப்பினாலும் போதாது.

ஆகவே முதல் வேலை, அந்தக் காட்டை இப்போது யார், எதற்காக, எந்தப் பருவத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு ஒரு வரைபடத்தில் குறிப்பது. விறகு பொறுக்குவோரும் ஆடு மேய்ப்போரும் பெரும்பாலும் நிலமற்றவர்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் குரல் எழுவதில்லை, ஆனால் காட்டை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில்தான். அவர்கள் இல்லாமல் எழுதப்படும் விதிகளை யாரும் மதிக்கப்போவதில்லை. பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற ஏற்பாடுகளில் பொதுவாகக் கண்டவை இவை: எல்லை தெளிவாக இருந்தது, பயன்படுத்துவோரே விதிகளை வகுத்தார்கள், காவலர்கள் அவர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது. காடு முழுவதையும் ஒரே நாளில் மூடாமல், ஒரு பகுதியை மூடி மற்றதைத் திறந்து வைத்துச் சுழற்சி முறையில் செல்லுங்கள். நிலத்தின் மீதான உரிமையையோ பயன்பாட்டு ஒப்பந்தத்தையோ எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நிலத்தில் இறங்கும்போது, நாற்று வாங்குவதற்கு முன் மண்ணுக்குள் எது உயிரோடிருக்கிறது என்று பாருங்கள். வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் பல இன்னும் துளிர்க்கும் வலிமையோடிருக்கும். நைஜர் நாட்டில் 1980களில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ பரப்பிய முறை இதையே அடிப்படையாகக் கொண்டது: கட்டையிலிருந்து புதராகக் கிளம்பும் துளிர்களில் நேராகவும் திடமாகவும் உள்ள சிலவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றை அறுத்து, விட்ட தண்டுகளின் கீழ்ப்பக்கக் கிளைகளைக் கழிக்க வேண்டும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால், இவை நட்ட கன்றைவிட வேகமாக உயரும். புல்லுக்குள் மறைந்திருக்கும் இயற்கை நாற்றுகளைத் தேடி ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நட்டு, சுற்றிலும் அரை மீட்டர் அளவுக்குக் களை எடுங்கள். உயர்ந்த புல்லை அறுத்தால் அது மீண்டும் விரைந்து வளரும். பலகையால் மிதித்துச் சாய்த்துவிட்டால் அடியிலுள்ள புல் நிழலில் அடங்கும்.

சரிவான நிலத்தில் மழைநீரைத் தடுக்கச் சமமட்டக் கோட்டில், அதாவது ஒரே உயரத்தில் செல்லும் கோட்டில், வரப்பு எழுப்ப வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரு நீண்ட குச்சிகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சியைப் பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். இரு கால்களையும் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பின் கால்களை அதே இரு இடங்களில் இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியில் கயிறு நின்றால் கால்கள் சமமட்டத்தில் உள்ளன. ஒரு காலை ஊன்றி மறு காலைச் சமமட்டம் கிடைக்கும்வரை நகர்த்தி, முளையடித்துக்கொண்டே சரிவு முழுவதும் செல்லலாம். எதுவும் முளைக்காத இடத்துக்கு மட்டும், விரைவில் நிழல் தருவனவும் பறவைகளை ஈர்க்கும் பழம் தருவனவுமான உள்ளூர் மரங்களை நடுங்கள்.

பறவைக்கு உணவும் கூடு வைக்கும் இடமும் உறுதியான பின்னரே இனப்பெருக்கக் கூடம் பற்றி யோசிக்க வேண்டும். அருகில் காட்டிலேயே சில சோடிகள் எஞ்சியிருந்தால், கூடுகளைக் காப்பதும் செயற்கைக் கூட்டுப்பெட்டி வைப்பதுமே போதுமானதாக இருக்கக்கூடும். கூடம் தேவைப்பட்டால், வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பறவை மருத்துவரும் இல்லாமல் ஒரு முட்டையைக்கூடத் தொடாதீர்கள். எலியும் பாம்பும் நுழையாதபடி வலையை மண்ணுக்குள் இறக்கிப் பதித்து, இரட்டைக் கதவு வையுங்கள். புதிதாக வரும் பறவையைக் குறைந்தது 30 நாள் தனிமையில் வைத்து நோய்ப் பரிசோதனை செய்யுங்கள். ஒவ்வொரு பறவைக்கும் கால் வளையமும் பெற்றோர் விவரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நெருங்கிய உறவுப் பறவைகள் சோடி சேர்ந்தால் சில தலைமுறைகளிலேயே முட்டை பொரிப்பது குறையத் தொடங்கும்.

முடிந்தவரை தாய்ப்பறவையே குஞ்சை வளர்க்கட்டும். கையால் ஊட்டித்தான் ஆக வேண்டுமெனில், காண்டர் குஞ்சுகளுக்குச் செய்தது போல, தாயின் தலை வடிவிலான கைப்பாவையை அணிந்து, உங்கள் முகமும் குரலும் குஞ்சுக்குத் தெரியாமல் ஊட்டுங்கள். மனிதரையே தன் இனமாக எண்ணி வளரும் குஞ்சு, காட்டில் இணை தேடத் தவறும்.

விடுவிக்கும் இடத்திலேயே ஒரு கூண்டு அமைத்து, சில வாரங்கள் அங்கு பழக்கியபின் கதவைத் திறந்து, வெளியே உணவு வைப்பதைத் தொடருங்கள். ஹவாயில் அலலா காகங்களை விடுவித்தபோது, உள்ளூர்ப் பருந்துகள் அவற்றுள் பலவற்றைக் கொன்றன. எஞ்சியவை 2020இல் மீண்டும் கூண்டுக்குக் கொண்டுவரப்பட்டன. எதிரியை அடையாளம் காணும் பயிற்சி அளித்திருந்தும் இப்படி நேர்ந்ததால், இறக்கும் ஒவ்வொரு பறவையின் உடலையும் தேடி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காரணம் தெரியும்வரை அடுத்த தொகுதியை விடுவிக்காதீர்கள்.